அப்டேட் போடலாமா, வேண்டாமா? டிசிஎல் ஸ்கிரிப்டில் திரை உறையாமலிருக்க எந்த வழி யாருக்கு

பினாங்கின் பாயான் லெப்பாஸ் பக்கம் டெஸ்ட் எஞ்சினியராக வேலை பார்க்கும் வாசகர்கள் ஒரே கேள்வியை வேறு வேறு உருவத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். டிசிஎல் மொழியிலும் அதன் திரைக் கருவித்தொகுப்பான டிகேயிலும் எழுதிய டெஸ்ட் புரோகிராம் ஓடத் தொடங்கியதும் திரை உறைந்துவிடுகிறது. ப்ரொக்ரெஸ் பார் அசைவதில்லை, ஸ்டாப் பட்டனை அழுத்தினாலும் பலனில்லை. மூத்தவர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, லூப்புக்குள்ள ஒரு அப்டேட் போட்டுடு, போதும்" என்கிறார். அந்தக் கட்டளையைப் போட்டதும் சரியாகிவிடுகிறது. அப்புறம் இணையத்தில் தேடினால் அப்டேட்டைத் தொடவே கூடாது என்று ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

பினாங்கில் இந்தக் கேள்வி இவ்வளவு வருவதில் ஆச்சரியமில்லை. ஜான் ஓஸ்டர்ஹவுட் 1988இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டிசிஎல்லை உருவாக்கியதே, சிப் வடிவமைப்புக் கருவிகளுக்குள் வைக்க ஒரு கட்டளை மொழி தேவைப்பட்டதால்தான். இன்றும் சினாப்சிஸ், கேடன்ஸ் நிறுவனங்களின் கருவிகளிலிருந்து விவாடோ, குவார்டஸ் வடிவமைப்பு மென்பொருள்கள் வரை உள்ளே டிசிஎல் ஓடுகிறது. 1972இலிருந்து சிப் தொழிற்சாலைகள் இருக்கும் ஊரில், வேலைக்குச் சேர்ந்ததும் டிசிஎல் கற்றுக்கொள்கிறவர்கள் அதிலேயே டெஸ்ட் திரையும் எழுதிவிடுவது இயல்பு.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். டிகே புரோகிராமில் ஒரே ஓட்டம் (த்ரெட்) தான். மவுஸ், கீபோர்டு போன்ற விண்டோ நிகழ்வுகள், டைமர்கள், சீரியல் போர்ட், சாக்கெட் போன்ற சேனல்களில் தரவு வந்தது என்ற தகவல், கடைசியாக ஐடில் வேலைகள் என நான்கு வகை நிகழ்வுகள் வரிசையில் நிற்கின்றன. ஈவென்ட் லூப் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து உரிய புரொசீஜரைக் கூப்பிடும். திரையை மீண்டும் வரைவது ஐடில் வகையில் வருவதால், மற்ற மூன்றும் இல்லாதபோதுதான் அதற்கு முறை வரும். உங்கள் ஸ்டார்ட் பட்டனின் புரொசீஜர் ஒரு நிமிடம் திரும்பாமல் ஓடினால் அந்த ஒரு நிமிடமும் எல்லாரும் காத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலானவர்கள் திரை அசைகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. கீழே வரும் வழிகளில் பெரும்பாலானவை திரையை அசையவைக்கத்தான் செய்யும்.

முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் வேலை பாதியில் நிற்கும்போது அந்த வழி யாரையெல்லாம் உள்ளே விடுகிறது என்பதை. திரை வரைவதை மட்டும் விடுகிறதா, இல்லை பட்டன், கீபோர்டு, டைமர், விண்டோவை மூடும் எக்ஸ் குறி என்று எல்லாரையுமா? என்னைக் கேட்டால் முடிவில் பாதி இந்த ஒரு கேள்வியிலேயே வந்துவிடும்.

அடுத்தது, உள்ளே வந்தவர்கள் உங்கள் புரொசீஜருக்கு மேலே அடுக்காக ஏறி உட்கார்கிறார்களா, அல்லது நீங்கள் விலகிக்கொண்டு அவர்கள் போனதும் திரும்பி வருகிறீர்களா என்பது. மூன்றாவது, நேரத்தைச் சாப்பிடுவது எது என்பது. கணக்கா, கருவியின் பதிலுக்கான காத்திருப்பா, அல்லது நடுவில் நிறுத்தவே முடியாத ஒற்றை அழைப்பா? இவற்றோடு, பிழை வந்தால் அது யாரிடம் போகும், வேலையை நடுவில் எப்படி நிறுத்துவது, அடுத்த ஆண்டு இந்த ஸ்கிரிப்டைக் கையில் எடுப்பவருக்கு இது புரியுமா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## முழு அப்டேட்

வரிசையில் தயாராக நிற்கும் எல்லா நிகழ்வுகளையும் முடித்துவிட்டு, இனி எதுவும் தயாராக இல்லை என்றானதும் இந்தக் கட்டளை திரும்பும். புதிதாக எதற்கும் காத்திருக்காது. ஒரே வரி, பழைய லூப்பை மாற்ற வேண்டியதில்லை, உடனே பலன் தெரியும். மூத்தவர் சொன்னதில் இவ்வளவும் உண்மை.

பிரச்சினை முதல் அளவுகோலில். இது எல்லாரையும் உள்ளே விடும். லெபோ பாசாரில் ஒரு துணிக்கடை முதலாளி பேரேட்டில் பாதிக் கூட்டலில் இருக்கிறார். ஒவ்வொரு வரிக்கும் தலையை நிமிர்த்தி, யார் நின்றாலும் வந்து இந்தப் பேரேட்டில் எழுதிக்கொள்ளலாம் என்று அழைக்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் அப்டேட் போட்ட லூப் இப்படித்தான் நடந்துகொள்கிறது.

டெஸ்ட் ஸ்டேஷனில் இது என்ன ஆகும் என்று பாருங்கள். ஆபரேட்டர் ஸ்டார்ட்டை இரண்டு முறை தட்டுகிறார். முதல் டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்டேட் இரண்டாவது தட்டலை எடுத்து அதே புரொசீஜரை மறுபடி தொடங்கிவிடும். இப்போது இரண்டாவது டெஸ்ட் முழுதாக முடிந்தால்தான் முதல் டெஸ்ட் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரே பவர் சப்ளைக்கு இரண்டு ஓட்டங்கள் மாறி மாறிக் கட்டளை கொடுத்திருக்கும். பொறுமையிழந்து எக்ஸ் குறியை அழுத்தினாலோ விண்டோவும் அதிலிருந்த ப்ரொக்ரெஸ் பாரும் அழிந்துபோகும். அப்டேட் திரும்பி வந்து அடுத்த வரி அந்தப் பாரைத் தேடும்போது "இன்வாலிட் கமாண்ட் நேம்" என்று ஒரு பிழை வரும். டிகே எழுதுகிறவர்களில் இதைப் பார்க்காதவர் குறைவு.

இவை கண்ணுக்குத் தெரியும் பிழைகள் என்பதால் பரவாயில்லை என்றே சொல்வேன். மோசமானது பார்கோடு ஸ்கேனரோடு வருவது. சாதாரண ஸ்கேனர் கணினிக்கு ஒரு கீபோர்டாகத்தான் தெரியும். சீரியல் நம்பரைத் தட்டிவிட்டுக் கடைசியில் என்டரையும் தட்டும் என்பது வழக்கமான அமைப்பு. நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர், ஒரு போர்டு டெஸ்டில் இருக்கும்போதே அடுத்த போர்டைக் கையில் எடுத்து ஸ்கேன் செய்துவிடுகிறார். நடுவில் வந்த அப்டேட் அந்த எழுத்துகளை என்ட்ரி பெட்டிக்குள் சேர்க்கும். அந்தப் பெட்டியோடு கட்டியிருக்கும் மாறியின் மதிப்பும் மாறிவிடும். முதல் போர்டின் அளவீடுகள் முடிந்து ஃபைலில் எழுதும்போது ஸ்கிரிப்ட் அதே மாறியைப் படிக்கிறது. முதல் போர்டின் முடிவு இரண்டாவது போர்டின் பெயரில் பதிவாகிவிடும். பிழைச் செய்தி இல்லை, திரையில் பச்சை விளக்கு எரிகிறது. தவறிய போர்டு தேறியதாகப் போகலாம்.

"பட்டனை முடக்கிவிட்டு அப்டேட் போட்டால்?" என்று கேட்பீர்கள். உதவும், ஆனால் முழுதாக அல்ல. மவுஸை ஒரே விண்டோவுக்குள் அடைக்கும் கிராப் போடுவதும், டிகே 8.6இல் வந்த பிஸி வசதியும் மவுஸைத்தான் மறிக்கும். ஸ்கேனர் கீபோர்டு வழியாக வருவதால் ஃபோகஸையும் நகர்த்த வேண்டும், என்டருக்குக் கட்டிய பைண்டிங்கையும் முடக்க வேண்டும், விண்டோ மூடும் நெறிமுறையையும் நீங்களே பிடித்துக்கொள்ள வேண்டும். இத்தனைக்குப் பிறகும் டைமர்களும் சேனல்களும் திறந்தே கிடக்கும். இன்னொரு செலவு, சாக்கெட்டில் தரவு இடைவிடாமல் வந்தால் அப்டேட் வெகு நேரம் திரும்பாமலே இருக்கலாம், ஏனென்றால் வரிசை காலியானால்தான் அது முடியும்.

இதற்கும் நல்ல இடம் உண்டு. புரோகிராம் தொடங்கும்போது, பட்டன்களுக்குக் கட்டளை எதுவும் கட்டுவதற்கு முன், விண்டோவை முதல்முறை முழுதாக வரையவைக்க ஒரு அப்டேட் போடலாம். விண்டோவின் உண்மையான அளவு தெரிய வேண்டிய இடங்களிலும் போடலாம். நீங்கள் மட்டும் உங்கள் மேசையில் ஓட்டும், ஒரு வாரத்தில் தூக்கிப்போடப்போகும் ஸ்கிரிப்டிலும் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. ஆபரேட்டர் கைக்குப் போகும் ஸ்கிரிப்டில் லூப்புக்குள் இருந்தால் மட்டும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

## அப்டேட் ஐடில்டாஸ்க்ஸ்

அதே கட்டளைக்கு ஐடில்டாஸ்க்ஸ் என்று ஒரு வாதம் கொடுத்தால் அது ஐடில் வேலைகளை மட்டும் ஓட்டும். மீண்டும் வரைதலும் அமைப்புக் கணக்கும் நடக்கும். மவுஸ், கீபோர்டு, டைமர், சேனல் எல்லாம் வெளியிலேயே நிற்கும். முதல் அளவுகோலில் இதற்கு நல்ல மதிப்பெண்.

ஸ்கேனர் கதையை இங்கே மறுபடி ஓட்டிப் பாருங்கள். டெஸ்ட் நடக்கும்போது வந்த எழுத்துகள் இயங்குதளத்தின் வரிசையில் காத்திருந்து, டெஸ்ட் முடிந்து புரொசீஜர் திரும்பிய பிறகே பெட்டிக்குள் விழும். அடுத்த போர்டு அதன் முறையில் தொடங்கும். ஆபரேட்டர் எதிர்பார்த்ததும் அதுதான்.

குறைகள் இரண்டு. ஸ்டாப் பட்டன் வேலை செய்யாது, அதை அழுத்துவதும் ஒரு விண்டோ நிகழ்வுதானே. இரண்டாவது, விண்டோஸில் ஒரு புரோகிராம் 5 விநாடிக்கு மேல் செய்திகளை எடுக்காமல் இருந்தால் இயங்குதளம் அதைப் பதிலளிக்காத புரோகிராம் என்று கருதும். யாராவது நடுவில் கிளிக் செய்தால் திரை வெளுத்து, தலைப்பில் அந்தச் செய்தி வந்து நிற்கும். ஐடில்டாஸ்க்ஸ் அந்தச் செய்திகளை எடுப்பதில்லை என்பதால் நீங்கள் உள்ளே எவ்வளவு வரைந்தாலும் ஆபரேட்டர் பார்ப்பது அந்த வெளுத்த திரையைத்தான். புதிதாகத் திறந்த விண்டோவும் சில சமயம் இதனால் மட்டும் முழுதாக வராது, ஏனென்றால் விண்டோ தோன்றியதைச் சொல்வதும் ஒரு நிகழ்வு.

இரண்டு மூன்று விநாடி வேலை, நடுவில் நிறுத்த வேண்டிய அவசியமில்லை, ஒரு ப்ரொக்ரெஸ் பார் நகர்ந்தால் போதும் என்றால் இதைவிட மலிவான வழி இல்லை.

## ஆஃப்டர் வைத்துத் துண்டு துண்டாக

இங்கே எண்ணமே மாறுகிறது. வேலையின் ஒரு துண்டைச் செய்துவிட்டு, அடுத்த துண்டை ஆஃப்டர் கட்டளையால் டைமரில் போட்டுவிட்டுப் புரொசீஜர் திரும்பிவிடும். ஈவென்ட் லூப் இடையில் வந்த எல்லாவற்றையும் கவனித்துவிட்டு உங்களைத் திரும்பக் கூப்பிடும். எதுவும் எதன் மேலும் ஏறி உட்காராது. ஸ்டாப் பட்டனும் எளிது. ஆஃப்டர் கொடுக்கும் அடையாளத்தை வைத்துக்கொண்டு, வேண்டும்போது ஆஃப்டர் கேன்சல் சொன்னால் போதும்.

ஆனால் எல்லாரையும் உள்ளே விடுகிறது என்பதில் இது முழு அப்டேட்டுக்குச் சளைத்ததல்ல. அடுக்கு ஏறாது, அவ்வளவுதான். ஸ்கேனர் இங்கேயும் மாறியை மாற்றும், இரண்டாவது ஸ்டார்ட் இங்கேயும் இரண்டாவது ஓட்டத்தைத் தொடங்கும். ஆகவே சீரியல் நம்பரைத் தொடக்கத்திலேயே நகலெடுத்து, துண்டுக்குத் துண்டு வாதமாக அனுப்புங்கள். ஓட்டம் நடக்கிறதா என்று காட்ட ஒரு கொடி (ஆம், இல்லை சொல்லும் மாறி) வைத்துக்கொள்ளுங்கள். ஆஃப்டருக்கு மாறிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருப்பவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது, ஃபார் லூப்பாக இருந்தது காணாமல் போய்விடும். எந்தப் படியில் இருக்கிறோம், இதுவரை சேர்ந்த அளவீடுகள் என்ன என்பதெல்லாம் வெளி மாறிகளுக்குப் போகும். அடுத்தது, பிழை. துண்டுக்குள் வரும் பிழை, உங்களைக் கூப்பிட்டவர் பிழையைப் பிடிக்க வைத்த கேட்ச் கட்டளைக்குப் போகாது, பின்னணிப் பிழையாக பிஜிஎரருக்குப் போகும். கருவியின் பவரை அணைக்கும் வரி பழைய கேட்சுக்குப் பின்னால் இருந்தால் அது ஓடவே ஓடாது, போர்டில் மின்சாரம் அப்படியே நிற்கும். ஒவ்வொரு துண்டிலும் தனியாகக் கேட்ச் வைக்க வேண்டும்.

மூன்றாவது, துண்டின் அளவு. விண்டோஸின் வழக்கமான டைமர் துல்லியம் ஏறத்தாழ 15.6 மில்லிவிநாடி. ஒரு மில்லிவிநாடி இடைவெளி என்று எழுதினாலும் நடைமுறையில் அவ்வளவு வரை போகலாம். 10,000 துண்டு என்றால் இடைவெளிக்கு மட்டும் இரண்டரை நிமிடத்துக்கு மேல். இடைவெளியை 0 என்று வைத்து, வரைதலுக்கும் முறை வர அதை ஆஃப்டர் ஐடிலுக்குள் போட்டு, ஒவ்வொரு துண்டையும் எண்ணிக்கையால் பிரிக்காமல் நேரத்தால் பிரியுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 30, 40 மில்லிவிநாடி ஆனதும் திரும்பிவிடுங்கள். 100 மில்லிவிநாடிக்குள் பட்டன் பதில் சொன்னால் மனிதக் கண்ணுக்கு உடனடியாகத்தான் தெரியும்.

ஒரு சிறு பொறி. ஆஃப்டர் ஐடிலில் தன்னைத்தானே மறுபடி ஆஃப்டர் ஐடிலில் போட்டுக்கொள்ளும் புரொசீஜர் ஒன்று இருந்து, வேறெங்காவது யாராவது அப்டேட் ஐடில்டாஸ்க்ஸ் சொன்னால், அது திரும்பவே திரும்பாது. ஐடில் வரிசை காலியாவதே இல்லையே. ஐடிலுக்குள் ஆஃப்டர் 0 என்று ஒரு படி இடையில் வைப்பது வழக்கமான மருந்து.

## கோரூட்டீன்

2012 டிசம்பரில் வெளிவந்த டிசிஎல் 8.6இல் இது சேர்ந்தது. ஆஃப்டர் முறையின் பெரிய தொல்லையான சிதறிய லூப்பை இது தீர்த்துவைக்கிறது. புரொசீஜர் வழக்கம்போல் மேலிருந்து கீழாகவே இருக்கும். நிற்க வேண்டிய இடத்தில் இந்தக் கோரூட்டீனின் பெயரை ஆஃப்டரில் போட்டுவிட்டு யீல்டு சொல்வீர்கள். உள் மாறிகள் எல்லாம் அப்படியே இருக்கும், அடுத்த முறை அதே வரியிலிருந்து தொடரும். சீரியல் நம்பரை முதல் வரியில் உள் மாறியில் வாங்கிவைத்தால் ஸ்கேனரால் அதைத் தொட முடியாது. கேட்ச், ட்ரை எல்லாம் யீல்டைத் தாண்டியும் வேலை செய்வதால் பவரை அணைக்கும் வரி அதன் இடத்திலேயே இருக்கலாம். என் தேர்வு பெரும்பாலும் இதுதான்.

பவர் கொடுத்துவிட்டு 500 மில்லிவிநாடி நிலைபெறக் காத்திரு என்ற வகை வரிகள் டெஸ்ட் ஸ்கிரிப்டில் நிறைய இருக்கும். அதை வெறும் ஆஃப்டர் 500 என்று எழுதினால் அந்த அரை விநாடி முழுக்க எல்லாம் நின்றுவிடும், நிகழ்வு எதுவும் ஓடாது. கோரூட்டீனுக்குள் அதையே ஒரே வரியில் தடையில்லாத காத்திருப்பாக மாற்றலாம்.

எங்கே உதைக்கும்? சியில் எழுதிய கட்டளை ஒன்று உங்கள் புரொசீஜரைக் கூப்பிட்டு, அதற்குள்ளிருந்து யீல்டு சொன்னால், சி அடுக்கு காலியாக இல்லை என்று மறுத்துவிடும். பட்டியலை வரிசைப்படுத்தும் எல்சார்ட்டுக்குக் கொடுத்த ஒப்பீட்டுப் புரொசீஜருக்குள் யீல்டு சொல்ல முடியாதது ஓர் எடுத்துக்காட்டு. இன்னும் 8.4, 8.5 ஓடும் பழைய ஸ்டேஷன்களில் இந்த வசதியே இல்லை. யீல்டிலிருந்து திரும்பியதும் விண்டோ இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை இங்கேயும் உண்டு. இவ்வளவு சொன்ன பிறகும், முதன்முறை இதைப் பார்க்கும் ஜூனியருக்கு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கும். அதையும் செலவுக் கணக்கில் எழுதுங்கள்.

## விவெயிட்

ஒரு மாறிக்கு மதிப்பு வரும்வரை ஈவென்ட் லூப்பை ஓட்டிக்கொண்டு நிற்கும் கட்டளை. திரையில்லாத டிசிஎல்எஸ்ஹெச் ஸ்கிரிப்டின் கடைசி வரியாக இது அவசியம். அது தானாக ஈவென்ட் லூப்புக்குள் போகாது, டிகேயோடு வரும் விஷ் மட்டுமே போகும்.

மற்ற இடங்களில் இதை முழு அப்டேட்டின் அண்ணன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாரையும் உள்ளே விடும், அடுக்கும் ஏறும். ஒன்று காத்திருக்கும்போது உள்ளே வந்த நிகழ்வு இன்னொரு விவெயிட்டைத் தொடங்கினால், முதலாவது காத்த மாறி வந்துசேர்ந்த பிறகும், மேலே இருப்பது முடியும்வரை அது திரும்பாது. இரண்டு கருவிகளுக்குத் தனித்தனியே விவெயிட் வைத்தவர்களுக்கு, வேகமான கருவி மெதுவான கருவிக்காகக் காத்திருப்பது புரியாத புதிராக இருக்கும். பதில் கேட்கும் உரையாடல் பெட்டிக்கு மட்டும், அதுவும் கிராபோடு, வைத்துக்கொள்ளலாம்.

## ஃபைல்ஈவென்ட்

கேள்வி கேட்டு எழுதுபவர்களின் ஸ்கிரிப்டுகளில் பலவற்றில் நேரம் போவது கணக்கில் அல்ல, சீரியல் போர்ட்டில் பதிலுக்காக நிற்பதில். அவர்களுக்கு அப்டேட்டா ஆஃப்டரா என்ற கேள்வியே தேவையில்லை. போர்ட்டைத் தடையில்லாத முறைக்கு மாற்றி, படிக்கத் தயாரானால் இந்தப் புரொசீஜரைக் கூப்பிடு என்று ஃபைல்ஈவென்ட் கட்டளையால் கட்டிவிட்டால், பதில் வரும்வரை திரை சுதந்திரமாக இருக்கும். கோரூட்டீனோடு சேர்த்தால், கட்டளையை அனுப்பு, யீல்டு, பதிலைப் படி என்று நேராக எழுதிவிடலாம்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. பதில் வராமலே போகலாம், அதற்கென்று ஓர் ஆஃப்டர் டைமரைக் கூடவே வைக்க வேண்டும். சாக்கெட்டிலும் பைப்பிலும் மறுமுனை மூடிவிட்டால் படிக்கத் தயார் என்ற நிகழ்வு ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். தரவு முடிந்தது என்று சொல்லும் ஈஓஎஃப் பார்த்து மூடாவிட்டால் சிபியு நூறு சதவீதத்தில் ஓடும்.

## தனி த்ரெட், தனி புரோசெஸ்

விற்பனையாளர் கொடுத்த டிஎல்எல் ஒன்று. உள்ளே போனால் பதில் வரும்வரை வெளியே வராது. அளவீட்டுக் கருவிகளோடு பேச உதவும் விசா நூலகத்தின் இயல்பான டைம்அவுட் 2,000 மில்லிவிநாடி. கருவி அணைந்திருந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு விநாடி திரை செத்துக் கிடக்கும். இந்த அழைப்புக்கு முன்னால் ஓர் அப்டேட், பின்னால் ஓர் அப்டேட் என்று போட்டுப் பயனில்லை, நேரம் போவது நடுவில். கோரூட்டீனாலும் முடியாது. இங்கே வேறு ஓட்டம் கட்டாயம்.

டிசிஎல்லின் த்ரெட் தொகுப்பில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி இன்டர்பிரெட்டர். மாறிகள் பகிரப்படுவதில்லை, செய்திகள்தான் போகும். கட்டுப்பாடாகத் தோன்றும் இது உண்மையில் பாதுகாப்பு. திரை மட்டும் முதன்மை த்ரெட்டில் இருக்கட்டும், வேலைக்காரத் த்ரெட் முடிவுகளை அனுப்பிக்கொண்டிருக்கட்டும். டிஎல்எல்லுக்குள் மாட்டிக்கொண்ட த்ரெட்டை வெளியிலிருந்து நாகரிகமாக நிறுத்த வழியில்லை என்பதுதான் இதன் குறை. டைம்அவுட்டைக் குறைப்பதே ஆகும் வழி.

தனி புரோசெஸில் அந்தக் குறை இல்லை, கொன்றுவிடலாம். மணிக்கணக்கில் ஓடும் சிப் சிந்தசிஸ் மென்பொருளைத் திரையிலிருந்து தொடங்க வேண்டுமானால் பைப்பில் திறந்து ஃபைல்ஈவென்ட் கட்டுவதே முறை. பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மறுமுனையில் இருப்பது திரையல்ல, பைப் என்று தெரிந்ததும் பல புரோகிராம்கள் வெளியீட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு மொத்தமாகத் தள்ளும். ப்ரொக்ரெஸ் பார் 0இல் நின்று கடைசியில் 100க்குத் தாவினால் உங்கள் ஈவென்ட் லூப்பைச் சந்தேகிக்காதீர்கள். மறுபக்கத்தில் ஒவ்வொரு வரியையும் உடனே வெளியே தள்ள (ஃப்ளஷ் செய்ய) சொல்லுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | நடுவில் உள்ளே விடுவது | அடுக்கு ஏறுமா | ஒற்றைத் தடை அழைப்புக்கு உதவுமா | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| முழு அப்டேட் | எல்லாரையும் | ஏறும் | உதவாது | தொடக்கத்தில் ஒருமுறை, சொந்த ஸ்கிரிப்ட் |
| அப்டேட் ஐடில்டாஸ்க்ஸ் | வரைதலை மட்டும் | அபூர்வம் | உதவாது | சில விநாடி வேலை, ஸ்டாப் தேவையில்லை |
| ஆஃப்டர் துண்டுகள் | எல்லாரையும் | ஏறாது | உதவாது | பழைய பதிப்பு, எளிய தொடர் வேலை |
| கோரூட்டீன் | எல்லாரையும் | ஏறாது | உதவாது | பல படிகள் கொண்ட டெஸ்ட், 8.6 முதல் |
| விவெயிட் | எல்லாரையும் | ஏறும் | உதவாது | திரையில்லாத ஸ்கிரிப்டின் முடிவில் |
| ஃபைல்ஈவென்ட் | எல்லாரையும் | ஏறாது | சேனல் என்றால் தடையே இருக்காது | சீரியல், சாக்கெட், பைப் |
| த்ரெட், புரோசெஸ் | திரை எப்போதும் சுதந்திரம் | ஏறாது | உதவும் | டிஎல்எல், கனமான கணக்கு, வெளிக் கருவி |

## பைத்தானில் எழுதுகிறவர்களுக்கு

டிகேஇன்டர் உள்ளுக்குள் இதே டிகேதான். அதன் அப்டேட், அப்டேட் ஐடில்டாஸ்க்ஸ், ஆஃப்டர் எல்லாம் மேலே சொன்ன குணங்களோடுதான் வருகின்றன. கோரூட்டீனுக்குப் பதில் ஜெனரேட்டரை ஆஃப்டரால் ஓட்டலாம். விவெயிட்டுக்கு இணையான வெயிட் வேரியபிளில் நிற்கும்போது பயனர் விண்டோவை மூடிவிட்டால் புரோகிராம் முடியாமல் பின்னணியில் தொங்கும், அது பலருக்கும் தெரிந்த தலைவலி.

வித்தியாசம் இரண்டு இடத்தில். ஃபைல்ஈவென்டுக்கு இணையான வசதி விண்டோஸில் டிகேஇன்டருக்கு இல்லை. ஆகவே சீரியல் போர்ட்டுக்கு த்ரெட்டும் க்யூவும் வைத்து, 50 அல்லது 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை ஆஃப்டரில் க்யூவைப் பார்ப்பதே நடைமுறை. மற்றது ஜிஐஎல், அதாவது ஒரு நேரத்தில் ஒரே த்ரெட்டைப் பைத்தான் ஓட்டவிடும் பூட்டு. காத்திருக்கும் த்ரெட் அதை விட்டுக்கொடுத்துவிடும், ஆகவே விசா நூலகத்துக்கான பைவிசா அழைப்புகளைத் த்ரெட்டுக்கு அனுப்பினால் திரை நன்றாக ஓடும். சுத்தப் பைத்தான் கணக்கை அனுப்பினால் இரண்டு த்ரெட்டும் ஒரே பூட்டுக்கு 5 மில்லிவிநாடிக்கு ஒருமுறை இழுபறி போடும். திரை உறையாது, ஆனால் இழுக்கும். அதற்குத் தனி புரோசெஸ்.

டிகேக்குப் பதில் க்யூட்டி என்ற திரைத் தொகுப்புக்கு மாற நினைப்பவர்களுக்கு ஒரு சின்னச் செய்தி. அதன் புரோசெஸ்ஈவென்ட்ஸ் கட்டளைக்குப் பயனர் உள்ளீட்டை மட்டும் தள்ளிவைக்கும் ஒரு கொடி உண்டு. முழு அப்டேட்டுக்கும் ஐடில்டாஸ்க்ஸுக்கும் நடுவில் இப்படி ஒன்று டிகேயில் இல்லாதது குறைதான்.

## கையில் ஏற்கெனவே அப்டேட் நிறைந்த ஸ்கிரிப்ட் இருந்தால்

மொத்தத்தையும் ஒரே நாளில் மாற்றப் போகாதீர்கள், உற்பத்தி ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டேஷன் அது. முதலில் எல்லா அப்டேட்டுகளையும் தேடி வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொன்றும் எதற்காக வந்தது என்று பாருங்கள். லேபிள் மாறுவதற்காக மட்டும் போட்டவற்றை ஐடில்டாஸ்க்ஸாக மாற்றிவிடலாம், ஒரு சொல் சேர்ப்பதுதான். ஆனால் மாற்றியதும் ஸ்டாப் பட்டன் செத்துப்போகிறதா என்று பாருங்கள். செத்தால் அந்த ஓர் அப்டேட் இரட்டை வேலை பார்த்திருக்கிறது.

அப்படி மிஞ்சியவற்றில், மாற்றுவதற்கு நேரம் கிடைக்கும்வரை, மூன்று வேலி போடுங்கள். ஸ்டார்ட் புரொசீஜரின் முதல் வரியில் ஓட்டக் கொடியைப் பார்த்து, ஓடிக்கொண்டிருந்தால் உடனே திரும்புங்கள். பெட்டிகளிலிருந்து தேவையானதை எல்லாம் அதே இடத்தில் உள் மாறிகளுக்கு நகலெடுத்து, அதன் பிறகு பெட்டியைப் படிக்கவே படிக்காதீர்கள். விண்டோ மூடும் நெறிமுறையில், ஓட்டம் நடந்தால் நிறுத்தக் கொடியை மட்டும் ஏற்றுங்கள், அழிப்பதை ஓட்டம் முடிந்த பிறகு செய்யுங்கள்.

அப்புறம் கருவியோடு பேசும் புரொசீஜரை எடுத்துக்கொள்ளுங்கள். காத்திருப்பு பெரும்பாலும் அங்கேதான் குவிந்திருக்கும். அந்த ஒன்றை ஃபைல்ஈவென்டுக்கும் கோரூட்டீனுக்கும் மாற்றினாலே மேலே இருக்கும் லூப்புகளில் பல அப்டேட்டுகளுக்கு வேலை இல்லாமல் போய்விடும். மாற்றி முடித்ததும் சோதிக்க ஒரு வழி: டெஸ்ட் ஓடும்போது ஸ்டார்ட்டைப் படபடவென்று தட்டுங்கள், நடுவில் வேறொரு போர்டை ஸ்கேன் செய்யுங்கள், கருவியின் கேபிளைப் பிடுங்குங்கள், கடைசியில் எக்ஸ் குறியை அழுத்துங்கள். ஃபைலில் சரியான சீரியல் நம்பர் இருந்து, பவர் சப்ளையும் அணைந்திருந்தால் லைனுக்கு அனுப்பலாம்.